அக்கா எண்ணிய அறுபது நாள்

1
இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. ஒளித்து என்ன ஆகப்போகிறது? வேளாண்மைத் துறையில் வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் போடுவது அவள் வேலை. தங்கள் நாட்டில் தடை செய்த பூச்சிமருந்தை வேறு நாட்டுக்கு விற்பவர்கள் அந்த நாட்டிடம் "அனுப்பலாமா?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம். "வேண்டாம்" என்று சொல்ல அறுபது நாள். சொல்லாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். மௌனம் சம்மதமாம், நல்ல நியாயம்!

2
முதல் தொடக்கம்: 'கடலைக் கிழித்துக்கொண்டு அந்தக் கப்பல்…'

(சீ. நான் கப்பலில் கால் வைத்ததே இல்லை.)

இரண்டாவது: அப்படிக் கேட்டு வந்த ஒரு கடிதத்துக்கு, அக்கா அது வந்த தேதி முத்திரையிலிருந்து நாளை எண்ணினாள். அவள் அலுவலகத்தில் எல்லாத் தபாலுக்கும் அதுதான் வழக்கம். இதற்கு மட்டும் கடிதம் எழுதிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். மொழிபெயர்ப்புப் பிரிவில் பதினாறு நாள் அது தூங்கியிருந்தது. அவளுடைய "வேண்டாம்" போய்ச் சேர்வதற்குள் மருந்துப் பீப்பாய்கள் கப்பலேறிவிட்டன.

3
(இங்கே ஒரு கெட்ட அதிகாரியை நுழைக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை.)

"யாரையும் வில்லனாக்காதடா. தப்பு என்னோடது."

"நீ வேணும்னேவா பண்ணே?"

"வேணும்னு பண்ணலைன்னா பீப்பாய் ஒழுகாதா?"

அழுதுகொண்டே என் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். அவள் அப்படித்தான்.

4
மாமா, அதாவது அக்காவின் கணவர், துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர். கையுறை போட்டால் பிடி நழுவுகிறது என்று வெறுங்கையால்தான் தூக்குவார். கப்பல் வெள்ளிக்கிழமை வருகிறது. அக்கா இன்னும் அவரிடம் சொல்லவில்லை. மூன்று முறை வாயெடுத்தாளாம். "ஏம்மா, முகம் வாடியிருக்கு?" என்று அவர் கேட்டதும் சாதம் போட எழுந்து போய்விட்டாளாம்.

முடிவு அ: சுங்கத்தில் பிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். (இரண்டு மனு போட்டிருக்கிறாள். ஒன்றுக்கும் பதிலில்லை.)

முடிவு ஆ: மாமாவின் கை… வேண்டாம். எழுத மாட்டேன்.

5
முடிவை வாசகரிடம் விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நான் எழுதும் எதையும் பிழை திருத்தித் தர முதலில் படிப்பவர் ஒருவர் இருக்கிறார்.

மாமா, இது கதை இல்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பீப்பாயைத் தொடாதீங்க, கூட இருக்கிறவங்களையும் தொட விடாதீங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா, பரவாயில்ல. அவ உள்ள ரூம்லதான் இருக்கா. பிழையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். எழுந்து போய் அவகிட்ட கேளுங்க, திட்டாம கேளுங்க.