தட்டினால் விடணும்

பைக்கில் போகும்போது என் வீட்டுக்காரர் முதுகில் நான் தட்டினால் வண்டி வேகமெடுக்கும். மெதுவாகப் போங்க என்றுதான் தட்டுவேன். அவர் இன்னும் முறுக்குவார். கல்யாணமானதிலிருந்து இதே கூத்துதான். பெண்டாட்டி பயப்படுவதைப் பார்ப்பதில் இந்த ஆம்பளைகளுக்கு அப்படி என்ன சந்தோஷமோ என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வேன். நான் பயந்தாங்கொள்ளிதான், அதை மறைக்கவில்லை. பக்கத்தில் பல்லி விழுந்தாலே மாதாவைக் கூப்பிடுகிறவள் நான்.

ஆனால் பல்லியை விட, லாரியை விட நான் பயந்தது அவருடைய கைகளுக்குத்தான். அடிக்கிற கை என்று நினைத்துவிடாதீர்கள். என் மேல் ஒரு நாளும் அது ஓங்கியதில்லை. பிடித்தால் விடாத கை, அவ்வளவுதான். தைலமரம் வெட்டி லாரியில் ஏற்றுவது அவர் வேலை. ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பங்கிராஸ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மாடு பிடிக்கிற பங்கிராஸ் என்றால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். ஈஸ்டர் முடிந்து நடக்கிற ஜல்லிக்கட்டுக்கு ஊர்ப் பெண்கள் எல்லாம் மாடியில் இடம் பிடிப்பார்கள். நான் கோயிலுக்குள் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவேன். வாடிவாசல் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

அவருடைய கூட்டாளி சந்தனம் ஒரு வருஷம் திமிலைப் பிடித்துவிட்டுப் பாதியில் கையை விட்டார். தொடையில் கொம்பு ஏறியது. இன்றைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

"பிடிச்சவன மாடு ஒண்ணும் செய்யாது புள்ள. பாதியில விட்டவனத்தான் குத்தும்" என்பார் இவர். எனக்குத் தைரியம் சொல்கிறாராம்.

நான் புதுக்கோட்டையில் ஒரு ஜிம்மில் ரிசப்ஷனில் இருக்கிறேன். மாடியில் எடை தூக்குகிறவர்கள், கீழே சண்டை பழகுகிற ஹால். அந்த ஹாலுக்கு வெற்றிசெல்வன்தான் மாஸ்டர். பொன்னமராவதிக்காரர். சென்னையிலும் பெங்களூரிலும் கம்பிக் கூண்டுக்குள் சண்டை போட்டு ஜெயித்தவர், டிவியில் வந்தவர். சுவர் முழுக்க அவர் படம்தான். மனுஷர் நல்லவர், ஆனால் கண்ணாடியைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வருகிற இவர், ஹால் ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். தவக்காலம் தொடங்கிய சமயம் ஒரு நாள் பையன்கள் விளையாட்டாகக் கூப்பிட்டார்கள். "அண்ணே, சும்மா ஒரு ரவுண்டு வாங்கண்ணே." தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட் மேல் லுங்கியோடு ஏறக்கூடாது என்று ஒருத்தன் தன் டிராயரைக் கொடுத்தான். இடுப்பில் நிற்காத அந்த டிராயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இவர் மேட்டில் ஏறினார். நான் சிரித்தேன்.

அப்புறம் சிரிக்க முடியவில்லை. வரிசையாக வந்த எல்லோரையும் கட்டிப் பிடித்தார். யாராலும் அந்தக் கையைப் பிரிக்க முடியவில்லை. மாதம் மாதம் காசு கட்டிப் பழகிய பையன்கள், மாநில அளவில் மெடல் வாங்கியவனும் அதில் ஒருத்தன், "போதும்ணே, விடுங்கண்ணே" என்று கத்தினார்கள். கத்தினதும் விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பையன்கள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இவரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அதிலிருந்து பேச்சு கிளம்பிவிட்டது. அந்தக் கைய மாஸ்டரால பிரிக்க முடியுமா? மாஸ்டர் முதுகுக்குப் பின்னால் கேட்டவர்கள் கொஞ்ச நாளில் முகத்துக்கு முன்னாலேயே கேட்டார்கள். ஒரு சாயங்காலம் மாஸ்டர் ஹால் நடுவில் நின்று, கையில் துணி சுற்றிக்கொண்டே, "என்ன பங்கிராஸ் அண்ணே, நம்ம பிடிச்சுப் பாப்பமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை.

நான் இவரைத் தண்ணீர்க் கேன் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"வேண்டாங்க. தவக்காலத்துல சண்டை எதுக்கு?"

"சண்டை எங்க புள்ள? பிடிக்கத்தான கூப்பிடுறாரு."

"அப்ப சீக்கிரம் தோத்துட்டு வாங்க."

அவர் நிஜமாகவே யோசித்தார். "தோக்குறதுன்னா எப்புடி? கைய விட்டுறணுமா?"

எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தது. இந்த ஆளுக்கு அதுகூடத் தெரியாதே, மாதாவே, இவர் யாரையாவது கொன்றுவிடப் போகிறார், இல்லையென்றால் அந்த மாஸ்டர் இவரைக் கொன்றுவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

இவர் மேட்டில் ஏறியதும் பாட்டை யாரோ சத்தமாக வைத்தார்கள். ஸ்பீக்கர் அதிர்ந்து கண்ணாடிக் கதவு நடுங்கியது. முதல் உதையிலேயே இவர் தொடை சிவந்தது. அடுத்து மூக்கில் ஒரு குத்து. ரத்தம் மீசையில் இறங்கியது. இவருக்குக் கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, மாடு எங்கே முஷ்டியால் குத்தியது? பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

மாஸ்டர் இன்னொரு உதைக்குக் காலைத் தூக்கினார். அந்தக் கால் தரையைத் தொடுவதற்குள் இவர் பக்கவாட்டில் நுழைந்துவிட்டார். எப்படி நுழைந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டருடைய ஒரு தோளையும் கழுத்தையும் சேர்த்து அணைத்து, கன்னத்தை அவர் மேல் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் உதறினார், சுழற்றினார். இவர் கால் தரையை விட்டுப் போனது, திரும்ப வந்தது. கை மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள்.

அப்போது மாஸ்டர் இவர் முதுகில் தட்டினார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் பார்க்கிறேன். தோற்றவன் தட்டுவான், ஜெயித்தவன் விடுவான். பையன்கள் "ஓ" என்று கத்தினார்கள். முடிந்தது, சாமி புண்ணியத்தில் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

இவர் விடவில்லை.

மாஸ்டர் மறுபடி தட்டினார். இவர் முழங்கை இன்னும் நெருங்கியது. மாஸ்டர் வேகவேகமாகத் தட்டினார். அன்றைக்குப் பிடிபட்ட பையன்கள் வாய் திறந்து கத்தினார்கள், மாஸ்டர் கத்துகிற ஆளா? கத்த நினைத்தாலும் அந்தக் கழுத்தில் சத்தம் வர இடமில்லை. அவர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

நான் செருப்போடு மேட்டில் ஓடினேன். இவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன். "விடுங்க, விடுங்க" என்று அடித்தேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் அடிக்க அடிக்க அந்தக் கை இறுகியது. என் கண் முன்னால், என் அடிக்குத்தான், இறுகியது. மாஸ்டருடைய கை இவர் முதுகிலிருந்து வழுக்கி மேட்டில் விழுந்து விரிந்து கிடந்தது.

யாரோ ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்கள். "செத்துருவாருங்க" என்கிற என் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. இவர் கண்ணைத் திறந்தார். கையை விட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார், அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மூக்கில் ரத்தம், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீயும் வந்து தட்டுறியே புள்ள" என்றார்.

மாஸ்டர் அசையவில்லை. கண் பாதி திறந்து, உள்ளே வெள்ளை மட்டும் தெரிந்தது. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஒரு பையன் காலைத் தூக்கிப் பிடித்தான். இன்னொருத்தன் அழுதுகொண்டே நெஞ்சில் காதை வைத்தான். எனக்கு ஒரே ஒரு படம்தான் ஓடியது: போலீஸ் ஜீப், அதன் பின்பக்கக் கம்பிக்குள் இவர் முகம்.

"ஏங்க விடல? அவர்தான் தட்டுனாருல்ல?" என்று இவர் சட்டையில்லாத தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"தட்டுனாருல்ல, அதான் விடல" என்றார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "மாடு பிடிக்கையில கூட்டாளி பக்கத்துலயே ஓடி வந்து முதுகுல தட்டுவான். அந்தச் சத்தத்துல வாயால சொன்னா எங்கிட்டுக் கேக்குது? விட்டுறாத, நாங்க இருக்கோம்னு அர்த்தம். அவரே தட்டிக் கொடுக்குறாரு, பெரிய மனுசன்னு நெனச்சேன். அப்புறம் நீயும் தட்டுன."

அப்போதுதான் கீழே கிடந்தவரைச் சரியாகப் பார்த்தார். இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். எனக்கு அந்த நிமிஷத்திலும் பைக்தான் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் நான் தட்டியதெல்லாம் அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சனியனே, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மாஸ்டருக்கு இருமல் வந்தது. காலைப் பிடித்திருந்த பையன் பயத்தில் காலைக் கீழே போட்டுவிட்டான். அவர் கண் சுற்றிச் சுற்றி ஒரு இடத்துக்கு வந்தது. "எத்தனாவது ரவுண்டு?" என்று கேட்டார். தான் சென்னையில் இருப்பதாக நினைத்திருக்கிறார். பிறகு சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். அந்தக் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

மாஸ்டர் கேஸ் கொடுப்பார், என் வேலையை எடுத்துவிடுவார் என்று விடிய விடிய வேர்த்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் கட்டைக் குரலில் என்னிடம் சொன்னார்: "தட்டுனா விடணும்னு அண்ணனுக்குச் சொல்லாம ஏத்துனது என் தப்புக்கா. அவருக்கு நான் சொல்லித் தாரேன். அதுவரைக்கும் யாரு மேலயும் அவரு கை வைக்க வேண்டாம்." பையன்களைப் போனில் இருந்ததை அழிக்கச் சொன்னார். அழித்தார்களா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சொல்லித் தந்தார். முதலில் சாக்குப் பொம்மையை வைத்து, பிறகு தன் கழுத்தையே கொடுத்து. அந்த மனுஷனுக்கு எத்தனை நெஞ்சுத் துணிவு இருந்திருக்க வேண்டும். ஜிம்மில் பழகியது எனக்குப் போதவில்லை. வீட்டிலும் விடவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே மணிக்கட்டை நீட்டுவேன், "பிடிங்க" என்பேன், தட்டுவேன். முதலில் எல்லாம் தட்டியதும் கை தானாக இறுகும். எனக்கு வலிக்கும். "விடணும், தட்டுனா விடணும்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். கொஞ்ச நாளில் இறுகுவது நின்றது. பிறகு தட்டியதும் விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்துத் தூங்குகிறவர் கையில் என் முந்தானை மாட்டியிருந்தது. லேசாகத் தட்டினேன். தூக்கத்திலேயே விட்டார். நான் சாயங்காலமே கோயிலுக்குப் போய் மாதாவுக்குப் பெரிய மெழுகுவர்த்தியாகப் பார்த்து ஏற்றினேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி, சொல்லி மாளாது.

ஈஸ்டரும் வந்து போனது. ஜல்லிக்கட்டுக்கு அவருக்கு நம்பர் போட்ட பனியன் வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஜிம் முடிந்து வீட்டுக்கு வரும்போது எதிரே ஒரு தைலமர லாரி. பழக்கதோஷம், முதுகில் தட்டினேன். வண்டி அடங்கியது. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றே விட்டது.

"என்னங்க?"

"நீதான தட்டுன" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சை இந்த வண்டி கேட்டிருக்கிறது. சந்தோஷத்தில், டீ குடிச்சுட்டுப் போவமா என்று நானே கேட்டேன்.

ஊர் முக்குக் கடையில் சந்தனம் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்தார். இவர் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பங்கிராசு, பனியன் வந்துருச்சாமுல்ல? இந்த வருசமும் பயலுக ஒம் பக்கத்துலயே ஓடி வாரானுங்க. விட்டுறாத" என்று சொல்லி, இவர் முதுகில் தட்டினார்.

கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

சந்தனம் சிரித்தார். "என்னப்பா, கைநடுக்கமா?" என்று காலால் கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கினார். டீ இவர் பாதத்தில் கொட்டியிருந்தது. சுட்டிருக்கும். இவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரிந்து கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எந்த மாட்டுக்கும் பயப்படாத மனுஷன் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

"நான்சி," என்றார் மெதுவாக, சந்தனத்துக்குக் கேட்காமல். "இத மறக்கவும் சொல்லித் தருவியா?"