பட்டினிப் பாத்தி

எர்ணாவூரில் புகைபோக்கிகளுக்கு நடுவே கிடந்த காலிமனையில் புல் வளர்த்து, அந்தப் புல்தரை விடுகிற மூச்சை அளக்க வந்தவள் மகிமா, ஆராய்ச்சி மாணவி. பாத்தி மூன்று. ஒன்றுக்கு யூரியா, ஒன்றுக்கு மாட்டுச் சாணம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மூன்றாவதற்கு ஒன்றுமே கிடையாது. வாராவாரம் ஒவ்வொரு பாத்தியின் மேலும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசிக்குழாயால் உறிஞ்சிக்கொண்டு போவாள். தண்ணீர் ஊற்றிக் காவல் காக்கிற வேலை பக்கத்துக் குடியிருப்புச் சொக்கம்மாளுக்கு.

"சுத்திலும் இத்தினி பொக கக்கிகினு கீது. அத்த வுட்டுட்டு புல்லு குசு வுடறதயா பாப்பா அளக்கறே?"

"உரத்துல இருக்கிற நைட்ரஜன் மண்ணுல சிரிப்பு வாயுவா மாறி மேல போகும்க்கா. பூமியைச் சூடாக்குறதுல அது கரியமில வாயுவைவிடப் பொல்லாதது."

சொக்கம்மாளுக்கு வாயு புரிந்தது. மூன்றாவது பாத்திதான் புரியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஒன்றைப் பட்டினி போடுவார்களா? மஞ்சளாக நின்ற அந்தப் புல்லைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. மார்கழி விடியலில் வாசலுக்குச் சாணி தெளித்துக் கோலம் போட்டதும், வாளியில் மிஞ்சியதைக் கொண்டுபோய் அதற்கு ஊற்றினாள். தினமும் ஊற்றினாள்.

தை பிறந்ததும் மகிமா குதித்துக்கொண்டு வந்தாள். "அக்கா! ஒண்ணுமே போடாத பாத்தியும் சாணிப் பாத்தி அளவுக்கு வாயு விடுது! இதை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. நாளைக்குப் பேராசிரியர் முன்னாடி நான் சொல்லப் போறேன்!"

சொக்கம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டால் வேலை தங்கும். ஆனால் பத்து பேர் முன்னால் இந்தப் பெண்ணின் மானம் போகும். பாழாய்ப்போன வாளி!

"பாப்பா... அது பட்டினி கெடக்கல. நான்தான் சாணித்தண்ணி ஊத்திகினு இருந்தேன்."

மகிமா வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஒரு பருவத்து உழைப்பு போச்சு. அழுதாள், திட்டினாள், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "எவ்வளவு ஊத்துனீங்க?" என்றாள்.

"பாவப்பட்டு ஊத்தறப்ப யாராவது அளப்பாங்களா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயுவின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் மகிமா பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, புதிதாகப் பாத்தி போட அனுமதி வாங்கினாள். சொக்கம்மாளையே காவலுக்கு வைத்துக்கொண்டாள். இனி ஒரு சொட்டுக்கூட ஊற்ற மாட்டேன் என்று சொக்கம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

புதுப் புல்லும் மஞ்சளானது. ஒரு விடியலில், மிஞ்சிய சாணித்தண்ணீரோடு அதன் முன்னால் வந்து நின்றாள். கை பரபரத்தது. திரும்பிப் போய் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"பொறுத்துக்கோ கண்ணு. பாப்பா பாஸாவட்டும். அன்னிக்கு மொத வாளி ஒனக்குத்தான்."