வலது பக்கத்து ஆறு அறைகள்

மூன்று நாளா நான்கு நாளா என்று இப்போது கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். யார் முதலில் குரலை உயர்த்தியது என்பதிலும் சந்தேகம் உண்டு. மனதுக்குள் புரட்டிப் புரட்டி ஓரம் தேய்ந்துபோன விஷயம். மூன்று என்றே வைத்துக்கொள்கிறேன். இதில் வரும் இளையவன் நான்தான்.

ஒரு சின்ன மருத்துவமனை. புதிதாகக் கட்டிய மாடி. நடுவில் நடை, இரு பக்கமும் ஆறாறு அறைகள். ஒவ்வோர் அறையின் சுவரிலும் கட்டிலுக்குப் பின்னால் ஒரு வைஃபை பெட்டி. அதன் அடியில் வயர் சொருக மூன்று போர்ட். முதலாவது நோயாளி நர்ஸைக் கூப்பிடும் போனுக்கு. கடைசி, உடன் தங்குபவரின் கம்ப்யூட்டருக்கு. நடுவில் உள்ளது சும்மா. எந்த போர்ட் எந்த நெட்வொர்க்கில் சேர வேண்டும் என்று கீழே அலுவலகத்துத் திரையில் அமைப்பது இளையவன் வேலை. பெட்டியை மாட்டி வயர் இழுப்பது மூத்தவர் வேலை. இருவரும் சகலைகள், அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் இவன். மூத்தவர் எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது, "என் சகலை மேடம், நான் பொறுப்பு" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிக் கூட்டிவந்தவன் இளையவன்தான்.

இடது பக்கத்துப் போன்கள் மணி மணியாகப் பேசின. வலது பக்கம் ஆறும் ஊமை. விளக்கு எரிகிறது, காதில் வைத்தால் ஒன்றுமில்லை. ஒரே அமைப்பைத்தான் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் போட்டிருந்தான். அழித்துவிட்டுப் போட்டான். அணைத்து எழுப்பினான். போனை மாற்றிப் பார்த்தான். மாடிப்படி ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

"சகல, வயர் முனைய வெட்டி இன்னொரு தடவ பிளக் அடிங்க."

"ரெண்டு தடவ அடிச்சாச்சுப்பா. இன்னும் வெட்டினா வயர் சுவத்துக்குள்ள போயிடும். அத இழுக்க நானும் பின்னாடியே போகணும்."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"சரி, கிண்டல் இல்ல. இந்தப் பெட்டியப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"பெட்டி என் பாடு. நீங்க வயரப் பாருங்க."

மூத்தவர் கத்தரியை எடுத்தார். அதன்பிறகு 'கிளிக், கிளிக்' சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தமே இளையவனுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் டாக்டரம்மா மேலே வந்தார்.

"நாளைக்குக் காலைல பேஷண்டுகள இங்க மாத்தறேன். ஒருத்தருக்கு மூச்சு முட்டினா எதுல கூப்பிடுவாங்க? தப்பு எதுல இருக்கு? அதையாவது சொல்லுங்க."

இளையவன் அலுவலகத்துத் திரையையே காட்டும் கைபேசியைப் பார்த்தான். அதில் எல்லாம் பச்சையாக இருந்தது. மூத்தவர் நாலடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வயரிங்தான் மேடம்."

"அப்ப அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். சரியாகலன்னா வேற ஆளக் கூப்பிடறேன். அடுத்த கட்டடத்தையும் அவங்களே செய்யட்டும்."

டாக்டரம்மா இறங்கிப் போனார். மூத்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார முடியாமல் இளையவன் பக்கத்து அறைக்குப் போய்க் கட்டிலை இழுத்துவிட்டுத் தரையில் படுத்தான். மூன்று நாளில் முதல் தடவையாகப் பெட்டியைக் கிட்டத்தில் பார்த்தான். போர்ட்டுகள் அடியில் இல்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்து அடுத்த அறைக்குப் போனான். அங்கேயும் அப்படித்தான்.

"சகல! இத ஏன் தலைகீழா மாட்டினீங்க?"

மூத்தவர் வாசலில் வந்து நின்றார். "இந்தப் பக்கம் பாத்ரூம் கதவு கட்டிலுக்கு ஒட்டினாப்ல இருக்கு. துடைக்கற அம்மாதான் சொன்னாங்க, மாப் போட்டா தண்ணி தெறிச்சு அடியிலதான் அடிக்கும்னு. ஓட்ட மேல இருந்தா நனையாது."

"போன எதுல சொருகினீங்க?"

"இடது கோடில. முதல் ஓட்டன்னு நீதான சொன்ன?"

கவிழ்த்து மாட்டினால் இடது கோடியில் வருவது மூன்றாவது. எண்கள் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகவே புடைத்திருந்தன. விரலால் தடவினால்தான் தெரியும். மூன்று நாளாக ஆறு போன்களும் உடன் தங்குபவர்களுக்கான நெட்வொர்க்கில் கிடந்து முழித்திருக்கின்றன.

"சொல்ல வேண்டியதுதான?"

"சொல்ல விட்டியா?"

ஆறு வயரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நாலரைக்கு டாக்டரம்மா ஒவ்வொரு போனையும் எடுத்துப் பார்த்தார். "நீங்க சொன்ன மாதிரி வயரிங்தானா?"

இளையவன் வாயைத் திறந்தான். மூத்தவர் கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியாயிடுச்சு மேடம்" என்றான்.

கேட் வரை இருவரும் சேர்ந்தேதான் நடந்தார்கள்.

"வண்டில ஏறுங்க சகல."

"நடந்து வரேன்பா. உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போச்சு."

அந்த மாடியில் போன்கள் இன்றும் ஒலிக்கின்றன. அடுத்த கட்டடத்து வயரிங்கை வேறு ஆட்கள் செய்தார்கள். மூத்தவர் ஆறு மாதம் கழித்து ஓர் அச்சகத்தில் சேர்ந்தார், அங்கேயே இருக்கிறார். அக்காவும் தங்கையும் வாராவாரம் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் அன்று நடந்தது தெரியாது. இளையவன் அதே மருத்துவமனைக்குப் போய்வருகிறான். டாக்டரம்மாவிடம் அவன் இன்னும் எதுவும் சொல்லவில்லை.