கொழா ஆபீஸ்

ரெபேக்காள் வாசலுக்கு ஓடியபோது மூத்தார் முத்துசாமி புளியமரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் அதற்குக் கொழா என்றுதான் பெயர். செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வரவழைத்திருந்தார்.

“மாமா, கொழா வாணாம். கொஞ்ச நேரம் அவரு பக்கத்துல சும்மா குந்திகினு இருக்கேன்.”

“நல்லா சொன்னம்மா. கொழா ஆபீஸ்ல வேல பாத்தவன் எந்தம்பி. அவன் சாவுக்கே கொழா இல்லன்னா ஊரு இன்னா பேசும்?”

தப்பு அவள் புருஷன் ஏசுபாதத்துடையதுதான். மெட்ராஸில் என்ன வேலை என்று யார் கேட்டாலும், “கொழாயில சத்தம் எப்டிப் போவுதுன்னு கணக்குப் போட்றேன்” என்பான். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்ட வருவாயா என்பார்கள். சிரித்துவிட்டு விட்டுவிடுவான். நேற்று செங்கல்பட்டு ஸ்டேஷனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அவன் பிறந்த ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அவன் கணக்குப் போட்டது சினிமாக் கொட்டகைக்குக் குளிர்காற்று போகும் தகரக் குழாய்க்கு. காற்றோடு விசிறியின் இரைச்சலும் போய்ப் படம் பார்ப்பவர்கள் காதில் விழக் கூடாது. குழாயைக் காகிதத்தில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சத்தம் இவ்வளவு என்று குத்துமதிப்பாக ஓர் எண் போடுவான். பிறகு இரு பக்கத்து எண்களையும் வைத்து நடு எண்ணைத் திருத்த வேண்டும், எல்லாம் அசையாமல் நிற்கும்வரை. ஞாயிறு முழுக்க அவன் சொல்லச் சொல்லப் பெருக்கிக் கொடுத்தது ரெபேக்காள்தான். கல்யாணமான நாளாக அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த எண்களைத்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

“அவரு கொழா கட்றவரு இல்ல மாமா. கொழாயிலேர்ந்து சத்தம் வெளிய வராம இருக்கத்தான் கணக்கு போட்டாரு.”

முத்துசாமி கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தார். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது.

“சத்தம் வரலன்னா அப்பறம் கொழா இன்னாத்துக்கும்மா?”

ரெபேக்காளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதைக் கேட்டால் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவான். மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவனைப் பெஞ்சின்மேல் கிடத்தி, தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

வெளியே கீர்த்தனை இசைத்தட்டு சுழல ஆரம்பித்துவிட்டது. கூரை ஓலை அதிர்ந்தது.

“கேட்டீங்களா, உங்கண்ணன் சொன்னத” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வாய் அசைவதைப் பார்த்த பெண்கள் ஒப்பாரி என்று நினைத்து, அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள்.