எச்சில் பட்ட சக்கரம்

மௌலி குருக்களுக்கு அருவருப்பு கூடவே பிறந்தது. ஓட்டலில் தம்ளரை முகர்ந்து பார்க்காமல் காபி குடிக்க மாட்டார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கூசி, வளைவுக்கு வளைவு யார் மடியிலாவது விழுவார். அந்த அவஸ்தை தாங்காமல்தான், கோயிலில் முறை இல்லாத நாட்களில் ஹோமங்களுக்குப் போய்வர ஒரு பழைய காரை வாங்கினார். வாங்கிய அன்றே டிக்கியில் இருந்த ஸ்டெப்னியைத் தூக்கிக் கொல்லையில் சாத்திவிட்டார். ஊர்ச் சாக்கடையெல்லாம் மிதித்த டயர் நைவேத்தியப் பாத்திரங்களோடு ஒட்டி உரசிக்கொண்டு வருவதாவது! மனைவி காமேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை.

அந்தக் காரின் பின்சக்கரம் ஒன்று மூன்று நாளைக்கு ஒருமுறை காற்றிழந்து உட்கார்ந்தது. சாதாரண நாளாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். ஆனால் மகள் ஷிவானிக்கு மருத்துவ நுழைவுத் தேர்வு வந்துகொண்டிருந்தது. எழுதும் இடம் வேலூர். மதியம் ஒன்றரை மணிக்குக் கேட்டைச் சாத்திவிட்டால் பிறகு யார் காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள். போன வருஷம் எட்டு மார்க்கில் கைநழுவியது. மூன்றாவது தடவை எழுத மாட்டேன் என்று அவள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால், மகளையும் கூட்டிக்கொண்டு வேங்கிக்கால் சாலையில் மணிமொழியின் டயர் கடைக்குப் போனார். டிப்ளமோ படித்துவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டவள் மணிமொழி. சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள். தண்ணீர் தார் போல இருந்தது. அதில் ஒரு பீடித்துண்டு மிதந்ததைப் பார்த்ததும் மௌலி மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தண்ணீரில் எங்கும் குமிழி வரவில்லை. விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து அவள் செய்ததுதான் வினை. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அந்த ஈரத்தைக் காற்று அடிக்கும் வால்வின் வாயில் தடவினாள். சின்னதாக ஒரு குமிழி மெதுவாக உப்பி வெடித்தது. அப்புறம் இன்னொன்று.

"டயர்ல ஒண்ணும் இல்ல சாமி. வால்வு உள்ள பின்னு லூசா கீது. ஒரு திருகு திருகுனா சரியாப் பூடும்."

மௌலி இரண்டடி பின்வாங்கினார். "என்னம்மா பண்றே நீ? சாமி காரியத்துக்குப் போற வண்டி. எச்சிலைத் தடவறியே!"

"தண்ணி வச்சா ஓடிடும் சாமி. இதுதான் நிக்கும். காத்து கம்மியா வந்தாலும் இதுதான் காட்டிக் குடுக்கும்."

"எச்சில்னா நுரைக்கத்தான் செய்யும். அதைக் கொண்டு காத்து போறதுன்னு சொல்லுவியா? உங்க வீட்ல இதெல்லாம் சகஜமா இருக்கலாம். தள்ளு, தொடாதே."

சொன்னதோடு விட்டாரா? காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, அவள் கண் முன்னாலேயே அந்த வால்வைக் கழுவினார். பாட்டில் காலியாகும் வரை கழுவினார். மணிமொழியின் முகம் இறுகிப் போயிற்று. சக்கரத்தை மாட்டிக் கொடுத்துவிட்டு, வால்வுக்கு மாட்டும் ஓர் இரும்பு மூடியை ஷிவானியின் கையில் வைத்தாள். மூடியின் மெல்லிய நுனி இரண்டாகப் பிளந்திருந்தது.

"வச்சிக்கோ பாப்பா. இந்தப் பொளவ உள்ள வுட்டு வலப்பக்கம் திருகணும். அவ்ளோதான்."

வீட்டு வாசலில் இறங்கும்போது ஷிவானி சொன்னாள். "உன்னப் பாக்கவே அருவருப்பா இருக்குப்பா."

பெண் பரீட்சை டென்ஷனில் இருக்கிறாள் என்று மௌலி தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் வேறொரு கடைக்குப் போனார். கடைக்காரன் நெற்றி நிறைய விபூதியும் கையில் வெள்ளைத் துணியுமாக இருந்தான். டயரில் ஏதோ ஒரு பழைய கீறலைக் கண்டுபிடித்து, ஓட்டையே இல்லாத இடத்தில் ஓட்டை போட்டு அடைத்துக் கொடுத்தான். மௌலிக்குப் பரம திருப்தி. மூடியால் திருகிப் பார்க்கலாமா என்று ஷிவானி கேட்டதற்கு, வால்வில் கை வைக்காதே என்றுவிட்டார். முன்ஜாக்கிரதையாகத் தினமும் காற்று வேறு அடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் உள்ளே அந்தப் பின் இன்னும் கொஞ்சம் தளர்ந்தது அவருக்குத் தெரியாது.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குக் கிளம்பினார்கள். போளூர் தாண்டியதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஷிவானி கையோடு கொண்டுவந்திருந்த சின்ன மின்சாரப் பம்பைக் காரில் சொருகிக் காற்று நிரப்பினாள். பன்னிரண்டு கிலோமீட்டர் தாங்கியது. மறுபடி நிரப்பினார்கள். இப்போது ஐந்து கிலோமீட்டர்தான். கண்ணமங்கலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில் சக்கரம் தட்டையாக உட்கார்ந்தது. மணி பன்னிரண்டே கால். மாற்று டயரோ கொல்லையில் பத்திரமாக, படு சுத்தமாக இருந்தது.

மௌலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு ஆணி தேடினார். நெற்றி வேர்வை சந்தனத்தோடு கண்ணில் இறங்கியது. "ஒண்ணுமே இல்லையேடி!" என்றார்.

"வால்வுதாம்ப்பா. அந்தக்கா அன்னிக்கே சொன்னாங்க."

ஷிவானி மூன்றாம் முறையாகக் காற்றை நிரப்பினாள். மௌலி அவள் பாட்டிலை வாங்கி வால்வின் மேல் தண்ணீர் விட்டார். நிற்காமல் ஓடியது. மறுபடி விட்டார். காய்ந்த காற்று ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போயிற்று. ஷிவானி இரும்பு மூடியின் பிளந்த நுனியை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் திருகினாள். போதுமா, இன்னும் வேண்டுமா? பார்த்தால்தானே தெரியும். விரலை நாக்கில் வைத்தாள். பயத்தில் வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது.

"எனக்கு வரலைப்பா" என்றாள். கண் மட்டும் நிறைந்திருந்தது. "மணி என்னாச்சு?"

அவர் மணி பார்க்கவில்லை. வேதம் சொல்லும் வாயில் விரலை விட்டார். எடுத்து வால்வில் தடவினார்.

குமிழி வந்தது.

"இன்னும் திருகு!" என்று கத்தினார். கால் சுற்று. மறுபடி எச்சில். மெல்லிய, சோம்பேறித்தனமான ஒரு குமிழி. "இன்னும் கொஞ்சம்!" மறுபடி எச்சில். இந்தத் தடவை அந்த ஈரம் வால்வின் வாயில் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். அது நின்றேவிட்டது. ஷிவானி மூடியைப் போட்டு இறுக்கினாள்.

எழுந்ததும் மௌலியின் பார்வை பழக்கதோஷத்தில் அந்தப் பாட்டிலுக்குத்தான் போயிற்று. கை கழுவ வேண்டும். ஷிவானி அதைப் பார்த்துவிட்டாள் என்பதை அவரும் பார்த்துவிட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வேலூர் வரை அந்த விரல் ஸ்டியரிங்கில் அவர் கண் முன்னாலேயே இருந்தது. அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் எச்சிலை நினைத்து இல்லை. 'உங்க வீட்ல இதெல்லாம் சகஜமா இருக்கலாம்' என்று சொன்ன தன் குரலை நினைத்துத்தான். அந்தப் பெண்ணின் இறுகிய முகமும் கூடவே வந்தது. சக்கரம் இம்மிகூட அமுங்கவில்லை.

தேர்வு மையத்தின் வாசலில் நிறுத்தியபோது மணி ஒன்று இருபத்து மூன்று. ஷிவானி ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாலு எட்டு ஓடியவள் திரும்பி வந்து ஜன்னல் வழியே கையை நீட்டினாள். கையில் அவளுடைய பாட்டில். தேர்வு முடியும்வரை அவளுக்கென்று இருந்த தண்ணீர், பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

"இந்தாப்பா" என்றாள். "வால்வைக் கழுவிடு."

பாட்டிலை இருக்கையில் போட்டுவிட்டு ஓடினாள். மௌலி அதை எடுத்துக்கொண்டு, "ஷிவானி! தண்ணிடி! தண்ணி!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டில் கை வைத்தவரைக் காவலாளி கையை நீட்டி நிறுத்தினான்.

"தள்ளுங்க சாமி" என்றான். "தொடாதீங்க."