குத்தகைத் தாளின் முதல் பெயர்

மிளகாய் நாற்றுக்கு நாற்பது நாள் கெடு. அதற்கு மேல் நாற்றுத் தட்டிலேயே வைத்திருந்தால் தண்டு நீளும், வேர் சுருளும், நட்டாலும் தேறாது. மிளகாய்க்காரி வீட்டில் அன்றைக்கு முப்பத்தேழாவது நாள். மழைக்குப் பயந்து உள்ளே எடுத்துவந்த தட்டுகள் கூடத்தை அடைத்து, அடுப்படியைத் தாண்டி, கட்டில்மேலும் ஏறிவிட்டன. லாரி மெக்கானிக்கான புருஷன் தரையில் படுத்து எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நட நிலமில்ல, நாத்து மட்டும் நாலாயிரம். பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்கின கதை!"

"நிலம் இருக்கு. தாள்தான் இல்ல. நகருங்க, நாத்த மிதிச்சிடாதீங்க."

அவள் சொன்னது சரிதான். அந்த இரண்டு ஏக்கரை ஆறு வருடமாக அவள்தான் குத்தகைக்கு உழுகிறாள். நிலக்காரர் வாய்வார்த்தையில் விட்டிருந்தார். போன வருடம் அவர் போய்ச் சேர, நிலம் மூன்று பிள்ளைகளுக்கு வந்தது. இனி வாய்வார்த்தை போதாது. கிணற்று மோட்டாருக்கு மின்வாரியத்தில் மின்சாரம் கேட்டால், ஐந்து வருடக் குத்தகையை எழுத்தில் காட்டு என்கிறார்கள். மின்சாரம் இல்லாவிட்டால் மிளகாய் கோடையைத் தாண்டாது.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதில் மூன்று பிள்ளைகளுக்கும் சம்மதம். தகராறெல்லாம் தாளில் யார் பெயர் முதலில் வருவது என்பதில். தையற்கடை வைத்திருக்கும் அக்கா, "மூத்தவ நானிருக்க இவனுங்க முன்னாடியா?" என்றாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் நடுத்தம்பி, "அந்தக் காட்டுல அப்பாகூட மண்ணு சுமந்தவன் நான்" என்றார். மூக்குக்கண்ணாடி விற்கும் கடைக்குட்டி, "கடைசிவரைக்கும் அப்பா இருந்தது என் வீட்ல" என்றார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரு வருடமாகிறது. நடுவில் அலைந்து அலைந்து மிளகாய்க்காரியின் செருப்புதான் தேய்ந்தது.

கடைசியில் அவளே ஒரு வழி பண்ணினாள். பத்திரம் எழுதுபவரிடம் சொல்லி மூன்று வரைவு எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர் முதலில்.

"இப்படி மூணு தாள் சட்டப்படி நிக்காதும்மா" என்றார் அவர்.

"நிக்க வேணாம் சார். முதல்ல மூணு பேரும் சரின்னு தலையாட்டட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அவரவர் பெயர் முதலில் வந்த தாளை அவரவருக்கென்று உறையிலிட்டு, ராத்திரி அக்கா, நடு, கடைக்குட்டி என்ற வரிசையில் ஜன்னலோரத் தட்டில் நாற்றுகளுக்கிடையே செருகி வைத்தாள். மேலே பெயர் எழுதவில்லை. வரிசைதான் தெரியுமே! காலையில் எழுந்ததும் கை பழக்கத்தில் வேலை செய்தது. நாற்று ஒரே பக்கம் வெயிலுக்குச் சாயக் கூடாதென்று தினமும் தட்டைத் தலைமாற்றித் திருப்பி வைப்பாள். அன்றைக்கும் திருப்பினாள், உறைகளோடு சேர்த்து. நடு உறை நடுவிலேயே இருந்தது. மற்ற இரண்டும் இடம் மாறின. அதைக் கவனிக்காமல் பழைய வரிசைப்படியே எடுத்துப்போய் மூன்று வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தாள்.

மதியத்துக்குள் குட்டு உடைந்தது. கடைக்குட்டியின் பெயர் முதலிலிருந்த தாளை அக்கா படித்தாள். அக்காவின் பெயர் முதலிலிருந்ததைக் கடைக்குட்டி படித்தார். ஒரு வருடமாகப் பேசாதவர்கள் போன் போட்டுப் பேசினார்கள். பேசினார்கள் என்றா சொல்வது, கத்தினார்கள். நடுத்தம்பியையும் இழுத்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு மூவரும் வயலில் நின்றார்கள். பத்திரம் எழுதுபவரும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

"ஏண்டி, ஆளுக்கொரு தாளா? எங்கள என்ன கேனைங்கன்னு நெனச்சியா?"

"ஆமாக்கா, தப்புதான்" என்றாள் மிளகாய்க்காரி. மழுப்ப அவளுக்கு நேரமில்லை. முப்பத்தெட்டாவது நாள். "ஒண்ணு சொல்லிடறேன். முதல் பேருன்னா என்னன்னு சார்கிட்ட கேட்டீங்களா?"

பத்திரம் எழுதுபவர் தொண்டையைச் செருமினார். "ஆபீஸ்லேர்ந்து வர்ற நோட்டீஸ் எல்லாம் முதல் பேருக்குத்தான் வரும். நிலம் அளக்க வந்தா அவர் நிக்கணும். மோட்டாருக்கு மனு போட்டா அவர் நேர்ல வரணும். வரிசையில நின்னு."

"எத்தன தடவ?" என்றார் நடுத்தம்பி.

"கூப்பிடுறப்பல்லாம்."

தம்பிகள் இருவரும் ஆளுக்கு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"எனக்குக் காலையில பஸ், சாயங்காலம் பஸ்" என்றார் நடுத்தம்பி. "அக்கா மூத்தவ. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அதானே" என்றார் கடைக்குட்டி. "நான் என்னைக்காவது அக்காவ மீறியிருக்கேனா?"

"நேத்து போன்ல என்னைக் கிழவின்னியேடா!"

"அது ஒரு மரியாதையில சொன்னது."

மிளகாய்க்காரிக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது சிரித்தால் நாலாயிரம் நாற்றும் குப்பைக்குத்தான் போகும்.

அக்கா இரண்டு தம்பிகளையும் ஏற இறங்கப் பார்த்தாள். "சின்ன வயசுல உங்க ரெண்டு பேருக்கும் குண்டி கழுவினதும் நான்தான், இதுக்கும் நான்தானா? கொண்டாய்யா பேனாவ."

தன் பெயர் முதலிலிருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள். தாள் கிழியாதது அதிசயம். தம்பிகள் அவளுக்குக் கீழே போட்டார்கள், நல்ல பிள்ளைகளாக. அங்கிருந்து நேரே பதிவு ஆபீசுக்குப் போனார்கள். வரிசையில் முதல் ஆளாக அக்காதான் நின்றாள். நின்ற நேரம் முழுக்கத் தம்பிகளைத் திட்டினாள். அவர்களும் பதிலுக்குப் பதில் பேசினார்கள். பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்த நாள் விடிந்ததும் மெக்கானிக் ஒரு லாரியை இரவல் வாங்கித் தட்டுகளை வயலில் இறக்கினான். மிளகாய்க்காரி குனிந்து நட ஆரம்பித்தாள். இரண்டாவது வரிசை முடியுமுன் அக்கா வந்துவிட்டாள், முதல் பெயர்க்காரியின் மிடுக்கோடு, நிலத்தைச் சுற்றிப் பார்க்க.

"எதுவரைக்கும்டி எங்க நிலம்?"

"நீங்க நிக்கிறதும் உங்க நிலந்தான்க்கா. ஆனா அஞ்சு வருஷத்துக்கு அது என் பாத்தி. நாத்து நசுங்குது, கால எடுங்க."

அக்கா சேலையைத் தூக்கிக்கொண்டு வரப்புக்குத் தாவினாள்.