உப்பு மழை, மூன்று மில்லிமீட்டர்

மே மாதம் முழுக்க ஒருநாள்கூடத் தவறாமல் காலை எட்டரைக்குக் கருவிகளைப் பார்த்து எழுத வேண்டும், பதிவில் கோளாறு இருந்தால் நிலையத்தையே பொன்னேரிப் பக்கம் மாற்றிவிடுவோம் என்று தமிழ்வாணன் சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சென்னையில் ஒரு கல்லூரியின் வானிலைப் பிரிவில் அவர் அதிகாரி. லைட்ஹவுஸ் குப்பத்தில் கம்பி வேலிக்குள் அவர்கள் நிறுத்திவைத்த, வெப்பமானி உள்ள வெள்ளைப் பெட்டிக்கும் மழைமானிக்கும் மோகனப்பிரியாதான் பொறுப்பு. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கூப்பிடு தூரத்தில் கிடைத்த வேலை. அது நிலைப்பதும் போவதும் அந்த ஒரு மாத ரிஜிஸ்டரில் இருந்தது.

வெயில் தன் பங்குக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. முதல் தேதி முப்பத்தேழு டிகிரி. கத்திரி பிறந்ததும் முப்பத்தொன்பது. கடல்காற்று பதினொரு மணிக்கே வந்துவிட்டால் பிழைத்தோம். மேல்காற்று மறித்துக்கொண்டு நின்றால் நாற்பத்தொன்று. வலை சீர் பார்க்கும் கொட்டகையில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் அவள் தினமும் எண்ணை எழுதிப்போடுவாள். கருவாடு காயவைக்கும் முனியம்மா அதைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தொண்ணு தானா? எம் முதுகக் கேட்டிருந்தா நாப்பத்தஞ்சு சொல்லியிருக்கும்" என்பாள்.

மழைக் கட்டத்தில் மட்டும் தினமும் சைபர். சாயங்காலமானால் அவள் அப்பா லோகநாதன், "இன்னிக்கு மழ எவ்ளோ பாப்பா?" என்று கேட்பார். "சைபர் நைனா" என்பாள். தான் மீன் பிடிக்கும் உப்பேரியில் வலை வெறுமனே வந்த நாளில் உச்சுக்கொட்டுவதுபோலவே உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்.

பத்தாம் தேதி காலை மழைமானியைத் திறந்தால் உள்ளே தண்ணீர். அளந்து பார்த்தாள், மூன்று மில்லிமீட்டர். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. பக்கத்தில் முனியம்மாவின் நெத்திலி சருகாகக் காய்ந்து கிடந்தது. சந்தேகத்தோடு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு கரித்தது.

பேசாமல் சைபர் என்று எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் மானியில் இருப்பதை எழுதத்தானே அவளை வைத்திருக்கிறார்கள். 'மானியில் 3 மி.மீ. உப்புநீர். மழை பெய்யவில்லை' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகையாக வந்தது. மாதக் கடைசியில் இதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்?

பதினைந்தாம் தேதி மறுபடியும் உப்புநீர், நான்கு மில்லிமீட்டர். முனியம்மாவைக் கேட்டதற்கு, "குடிக்கவே தண்ணி லாரிக்குக் குடத்த வெச்சினு நிக்கிறேன், உன் டப்பாவுக்கு வேற ஊத்துவனா?" என்று எகிறினாள். அதற்குப் பிறகு மோகனப்பிரியா தினமும் விடியலில் கவிழ்த்துப்போட்ட ஃபைபர் படகின் பின்னால் உட்கார்ந்து காவல் காத்தாள். கொசுதான் பிடுங்கியது.

இருபதாம் தேதி ஆள் வந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில் வேலி தாண்டிக் குதித்து, குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோலப் பதமாக, ஒரு பிளாஸ்டிக் மக்கிலிருந்து மழைமானிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார் லோகநாதன்.

"நைனா."

அவர் திரும்பவில்லை. "சும்மா காத்து வாங்க வந்தேன்."

"மக்கோடயா?"

லோகநாதன் மணலில் உட்கார்ந்துவிட்டார். "பின்ன இன்னா பண்ணச் சொல்ற? இருவது நாளா சைபர் சைபர்னு எழுதினுகீற. மீன்பாடு இல்லாத எடத்துல எவனாச்சும் வலைய வுட்டு வெப்பானா? நானே நாலு நாள் பாத்துட்டு வேற எடம் மாத்திடுவேன். அந்த சார் வந்து பாத்து, இங்க ஒண்ணும் வுழலன்னு டப்பாவத் தூக்கினு பூட்டா, உன் வேல இன்னா ஆவறது?"

கோபமாகத்தான் எழுந்து வந்தாள். அது எங்கே போனதென்று தெரியவில்லை. "பெய்யலன்னா பெய்யலன்னு எழுதத்தான் நைனா என்ன வெச்சிருக்காங்க."

"அதுக்கு ஒரு ஆளா?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரிஜிஸ்டர் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

முப்பத்தொன்றாம் தேதி தமிழ்வாணன் சார் வந்தார். கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் பத்தாம் தேதியில் நின்றது; பிறகு பதினைந்து, இருபது என்று இறங்கியது. வெளியே காத்திருந்த லோகநாதன் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"ஊத்தினது நாந்தான் சார். பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. திட்றதா இருந்தா என்னத் திட்டுங்க, டப்பாவ மட்டும் எடுக்காதீங்க."

"தெரியும். எழுதியிருக்கே" என்று அவர் இருபதாம் தேதியைச் சத்தமாகப் படித்தார். "மானியில் 3 மி.மீ. உப்புநீர். ஊற்றியவர் என் தந்தை லோகநாதன். இனி ஊற்றமாட்டார்."

லோகநாதன் மகளைப் பார்த்தார். "எம் பேரையுமா எழுதின?"

"நடந்தத எழுதணும் நைனா."

தமிழ்வாணன் சார் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் நிறுத்தினார். "பெத்த அப்பாவையே எழுதிட்ட பொண்ணு. இவங்க போட்ட சைபர இனி ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது" என்று பையிலிருந்து புது ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினார். அட்டையில் ஜூன் என்று எழுதியிருந்தது. மோகனப்பிரியா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஜூன் நான்காம் தேதி சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டித் தீர்த்தது. முனியம்மா கருவாட்டை அள்ளிக்கொண்டு ஓடியதைக் குப்பமே பார்த்துச் சிரித்தது. மறுநாள் எட்டரைக்கு மோகனப்பிரியா போனபோது லோகநாதன் அவளுக்கு முன்பே வந்து, வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பதினொரு மில்லிமீட்டர். அளந்து முடித்ததும் குவளையை வேலிக்கு மேலே நீட்டினாள். அவர் விரலை நனைத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடிச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"உப்பு இல்ல பாப்பா, எழுதிக்கோ" என்றார். "எம் பேரு வோணாம்."